இணையத்தில் பழைய காசு வாங்குவோர் கவனத்திற்கு

பழைய நாணயம் சேர்ப்பது ஒரு காலத்தில் பெரிய ஊர்களில் வசதியாக இருந்த சிலரின் பொழுதுபோக்காக இருந்தது. இன்று கைப்பேசி வைத்திருக்கும் எவரும் ஹைதராபாத்தில் உள்ள ஒரு விற்பனையாளரிடமிருந்து நிஜாம் காலத்து ரூபாயை வீட்டு வாசலுக்கே வரவழைத்துவிடலாம். நம் பிள்ளைகள் சிலருக்கும் இந்த ஆர்வம் வந்திருக்கிறது. இது நல்ல ஆர்வம்தான். பாடப் புத்தகத்தில் இரண்டு வரியில் முடிந்துபோகும் ஒரு சுல்தானின் பெயரை, அவர் காலத்தில் அச்சிட்ட காசிலேயே படிக்கும்போது வரலாறு மனதில் பதிகிறது.

ஆனால் இந்தச் சந்தையில் நம் சமுதாயத்தைக் குறிவைத்தே விரிக்கப்படும் வலைகளும் இருக்கின்றன. "கலிமா பொறித்த அபூர்வக் காசு", "மக்கா மதீனா காசு, வீட்டில் வைத்தால் பரக்கத்", "786 நோட்டு இருந்தால் லட்சாதிபதி" என்று வரும் விளம்பரங்களைப் பார்க்காதவர்கள் குறைவு. ஒரு பக்கம் இப்படிப் பணத்தை இழக்கிறோம். மறுபக்கம் உண்மையான வரலாற்றுக் காசுகள் நியாயமான விலைக்குக் கிடைக்கும்போது அவற்றை அடையாளம் காணாமல் விட்டுவிடுகிறோம். இத்தனைக்கும் இந்தியாவின் பழைய காசுகளில் பெரும் பகுதியைப் படிக்கத் தேவையான எழுத்து நம் வீட்டுக் குழந்தைகளுக்கு ஏழு வயதிலேயே தெரிந்துவிடுகிறது. அந்த அறிவைப் பயன்படுத்திக் குறைந்த விலையில் நல்ல காசு வாங்குவது எப்படி, அப்படி வாங்கும்போது பேண வேண்டிய வரம்புகள் என்ன என்பதை இங்கே பார்ப்போம்.

மலிவு என்றால் என்ன?

இணையத்தில் ஒரு காசுக்கு எழுதியிருக்கும் விலை, விற்பவர் கேட்கும் விலை மட்டுமே. அதே காசுக்கு ஒருவர் ஐந்நூறு கேட்பார், இன்னொருவர் ஐந்து லட்சம் கேட்பார். ஐந்து லட்சம் கேட்பவரைப் பார்த்துவிட்டு, "நான் ஆயிரத்துக்கு வாங்கிவிட்டேன், கொள்ளை மலிவு" என்று மகிழ்வதில் பொருளில்லை. அந்தக் காசு உண்மையில் என்ன விலைக்குக் கைமாறியிருக்கிறது என்பதே கணக்கு.

அதை அறிய வழிகள் உண்டு. மும்பையின் டோடிவாலா, பெங்களூருவின் மருதர் ஆர்ட்ஸ் போன்ற நாணய ஏல நிறுவனங்கள் நடத்தும் ஏலங்களில் எந்தக் காசு என்ன விலைக்குப் போனது என்பதைப் பார்க்க முடியும். நூமிஸ்டா என்ற இணையப் பட்டியலில் ஒரு காசின் எடை, விட்டம், உலோகம், அச்சிட்ட ஆண்டுகள் எல்லாம் இருக்கும். ஜீனோ என்ற தரவுத்தளம் கீழை நாட்டு நாணயங்களுக்கென்றே உள்ளது. முகலாயர், டெல்லி சுல்தான்கள், மதுரை சுல்தான்கள் என்று வரிசையாகப் படங்களைப் பார்க்கலாம். வாங்குவதற்கு முன் ஒரு மாதம் இவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பதே முதல் பாடம். சென்னையில் இருப்பவர்கள் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவுக்குப் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துச் செல்லலாம். உண்மையான காசின் தோற்றம் கண்ணில் பதிந்துவிட்டால் போலி எளிதில் உறுத்தும்.

ஓதத் தெரிந்த கண்ணுக்குத் தெரிவது

முகலாயர் காசு, திப்பு சுல்தான் காசு, ஆற்காட்டு ரூபாய், நிஜாம் காசு எல்லாவற்றிலும் இருப்பது அரபு எழுத்தில் அமைந்த பார்சி அல்லது அரபு வாசகங்கள். விற்பவர்களில் பலருக்கு அந்த எழுத்து தெரியாது. எனவே "பழைய உருது காசு", "முஸ்லிம் ராஜா காசு", "அரபிக் காசு" என்று பொதுவாக எழுதிப் பதிவிட்டுவிடுகிறார்கள். படத்தைத் தலைகீழாக எடுத்துப் போடுவதும் நடக்கிறது. நல்ல மலிவுகள் இத்தகைய பதிவுகளில்தான் ஒளிந்திருக்கின்றன. காசின் சரியான பெயரைப் போட்டுத் தேடுபவர்களின் கண்ணுக்கு இவை படாததால் போட்டியும் குறைவு.

சில சொற்களைப் பழகிக்கொண்டால் போதும். "ளரப" அல்லது "ளர்ப்" என்பது அச்சிடப்பட்டதைக் குறிக்கும். அதை ஒட்டி வரும் பெயர் அக்கசாலை இருந்த ஊர். "ஸனா" என்றால் ஆண்டு. "ஜுலூஸ்" என்றால் அரியணை ஏறியது. ஆகவே "ஸனா" என்பதோடு சேர்ந்து வரும் சிறிய எண் அந்த மன்னரின் ஆட்சியாண்டு. "பாத்ஷாஹ் காஸி" என்பதற்கு அருகில் மன்னரின் பெயர் இருக்கும். "சிக்கா முபாரக்" என்பதும் அடிக்கடி வரும் தொடர். முகலாயர் காலத்தில் அச்சு பெரிதாகவும் காசு சிறிதாகவும் இருந்ததால் வாசகம் முழுவதும் ஒரே காசில் விழுவது அரிது. ஊர்ப் பெயரின் பாதி எழுத்துகள் மட்டுமே தெரியும். ஓதிப் பழகியவர் அந்தப் பாதியிலிருந்தே ஊரைக் கண்டுபிடிப்பார். பொதுவான அக்கசாலைக் காசு என்ற விலையில் அரிதான அக்கசாலைக் காசு கிடைப்பது இப்படித்தான்.

நிஜாம் காலத்து சார்மினார் ரூபாய் இன்னொரு உதாரணம். சார்மினாரின் வாயில் வளைவுக்குள் ஓர் எழுத்து இருக்கும். "மீம்" இருந்தால் அது மீர் மஹ்பூப் அலீ கானுடையது. "ஐன்" இருந்தால் 1911-இல் பதவிக்கு வந்த மீர் உஸ்மான் அலீ கானுடையது. இக்காசுகளில் 92 என்ற எண்ணும் இருக்கும். அதை ஆண்டு என்று எண்ணிவிடக் கூடாது. 786 என்பது பிஸ்மில்லாஹ்வின் எழுத்துக் கணக்கு என்று சொல்லப்படுவதைப் போல, 92 என்பது அப்ஜத் கணக்கில் முஹம்மத் என்ற பெயரின் கூட்டுத்தொகை. மீம் 40, ஹா 8, மீம் 40, தால் 4.

ஆண்டைப் படிப்பதில் உள்ள சிக்கல்கள்

எண்களில்தான் விற்பவர், வாங்குபவர் இருவருமே தவறுவார்கள். அரபு எண்களில் பூஜ்யம் ஒரு புள்ளி. ஐந்துதான் வட்டமாக இருக்கும். பார்சி முறையில் அது தலைகீழ் இதயம் போலவும் அமையும். தெரியாதவர்கள் வட்டத்தைப் பூஜ்யம் என்று படித்துவிடுவார்கள். ஏழு மேல்நோக்கித் திறந்த கவட்டை. எட்டு கவிழ்த்து வைத்த கவட்டை. படம் தலைகீழாக இருந்தால் ஏழு எட்டாகிவிடும், எட்டு ஏழாகிவிடும். ஆகவே முதலில் வாசகத்தைப் படித்துக் காசை நேராக்கிக்கொண்டு, பிறகு எண்ணைப் படிக்க வேண்டும்.

ஹிஜ்ரி ஆண்டை ஆங்கில ஆண்டாக மாற்ற எளிய வழி: ஹிஜ்ரி எண்ணை 0.97-ஆல் பெருக்கி 622-ஐக் கூட்ட வேண்டும். ஹிஜ்ரி 1321 என்றால் 1281 வரும், 622-ஐச் சேர்த்தால் 1903. ஓர் ஆண்டு முன்பின் இருக்கலாம், அவ்வளவுதான்.

காசில் இருக்கும் ஆண்டு எல்லா நேரத்திலும் அச்சிட்ட ஆண்டு ஆகாது என்பதையும் மறக்கக் கூடாது. கிழக்கிந்தியக் கம்பெனி, மக்களுக்குப் பழகிய காசு என்பதற்காக முகலாயர் பெயரிலேயே ரூபாய் அடித்தது. கம்பெனியின் ஆற்காட்டு ரூபாயில் இரண்டாம் ஆலம்கீரின் பெயரும், ஹிஜ்ரி 1172, ஆட்சியாண்டு 6 என்பதும் இருக்கும். அது 1758-59-ஐக் குறிக்கிறது. ஆனால் அதே ஆண்டை மாற்றாமல் 1800-களிலும் அடித்துக்கொண்டே இருந்தார்கள். முர்ஷிதாபாத் ரூபாயில் ஷா ஆலமின் 19-ஆம் ஆட்சியாண்டு அப்படியே நிலைத்துவிட்டது. விளிம்பில் வரிகளுடன் இயந்திரத்தில் சீராக அடித்த ரூபாயைக் காட்டி, "1759-ஆம் ஆண்டுக் காசு" என்று ஒருவர் கூடுதல் விலை கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

திப்பு சுல்தானின் காசுகளில் வேறொரு புதுமை. அவர் 1787 வாக்கில் ஹிஜ்ரிக்குப் பதிலாக, நபிகளாரின் (ஸல்) பிறப்பிலிருந்து எண்ணும் மௌலூதி ஆண்டைக் கொண்டுவந்தார். அந்த ஆண்டு எண்ணை வலமிருந்து இடமாக எழுதச் செய்தார். அதனால் 1215 என்ற ஆண்டு நம் கண்ணுக்கு 5121 என்று தெரியும். இதை அறியாதவர்கள் "ஆண்டு தெளிவில்லை" என்றோ "போலி" என்றோ சொல்லி விலையைக் குறைத்துவிடுவதுண்டு. ஒரு பக்கம் யானை பொறித்த திப்புவின் செம்புக் காசு, புதிதாகச் சேர்ப்பவர்களுக்கு ஏற்றது. தேய்ந்திருந்தாலும் யானை அடையாளம் காட்டிவிடும்.

நம் தமிழ் மண்ணோடு நேரடித் தொடர்புடையவை மதுரை சுல்தான்களின் காசுகள். ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷா 1330-களில் டெல்லியிலிருந்து பிரிந்து தொடங்கிய இந்த ஆட்சி 1378 வரை நீடித்தது. பயணி இப்னு பதூதா இவருடைய மகளை மணந்தவர். இவர்களின் காசுகள் செம்பிலும் வெள்ளி கலந்த உலோகத்திலும் சிறியனவாக இருக்கும். பிற தென்னிந்தியச் செம்புக் காசுகளோடு கலந்து மொத்தமாக விற்கப்படும்போது, அரபு எழுத்தைப் பார்த்ததும் பிரித்தறிய நம்மவர்களால் முடியும்.

மலிவு கிடைக்கும் இடங்கள்

முதலாவது, கலப்புக் குவியல்கள். ஐம்பது காசு, நூறு காசு என்று மொத்தமாகப் போடும் பதிவுகளில் படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஆனால் குவியலில் தெளிவாகத் தெரியும் இரண்டு மூன்று காசுகளின் மதிப்பே மொத்த விலைக்கு ஈடாக இருந்தால்தான் வாங்க வேண்டும். தெரியாததை நம்பி வாங்கினால் அது சூதாட்டத்தை ஒத்துவிடும்.

இரண்டாவது, சிறு குறையுள்ள உண்மைக் காசுகள். காசுமாலையில் கோர்ப்பதற்காகத் துளையிட்டவை, கொக்கி வைத்துப் பற்றவைத்த தழும்புள்ளவை, சராப்புகள் சோதித்து இட்ட சிறு முத்திரைகள் உள்ளவை ஆகியவற்றைப் பெரிய சேகரிப்பாளர்கள் ஒதுக்குவார்கள். வரலாற்றுக்காக வாங்கும் குடும்பத்துக்கு அது குறையல்ல. ஷாஜஹானின் ரூபாயைப் பிள்ளையின் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்ல, சராப்பு முத்திரை தடையாக இருக்காது.

மூன்றாவது, ஒரே விற்பனையாளரிடம் சேர்த்து வாங்குவது. நூறு ரூபாய்க் காசுக்கு எண்பது ரூபாய் தபால் செலவு என்றால் மலிவு அங்கேயே போய்விடுகிறது. நான்கைந்து காசுகளைச் சேர்த்துக் கேட்டால் தபால் செலவும் ஒன்றாகிவிடும், விலையும் குறையும். மரியாதையாகக் கேட்டாலே பலர் குறைப்பார்கள்: "அண்ணா, இந்த நாலு காசும் சேர்த்து எடுத்துக்கிறேன். தபாலோட மொத்தமா என்ன விலைக்குக் குடுப்பீங்க? ஒவ்வொண்ணோட எடையும், விளிம்பு தெரியுற மாதிரி ஒரு படமும் அனுப்புங்க." இப்படிக் கேட்டதற்கு எடையும் படமும் தர மறுப்பவரிடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

வெள்ளிக் கணக்கு

வெள்ளி ரூபாய்களுக்கு ஓர் அடிப்படை விலை உண்டு. விக்டோரியா, ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் கால ரூபாயின் எடை 11.66 கிராம். அதில் வெள்ளி 91.7 விழுக்காடு, அதாவது சுமார் 10.69 கிராம். இதை அன்றைய ஒரு கிராம் வெள்ளி விலையால் பெருக்கினால் உலோக மதிப்பு கிடைக்கும். 1940 முதல் வந்த ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாயில் பாதிதான் வெள்ளி, 5.83 கிராம். 1947 ரூபாய் முழுக்க நிக்கல், அதில் வெள்ளியே இல்லை. ஹைதராபாத் ரூபாய் சுமார் 11.18 கிராம், வெள்ளி 81.8 விழுக்காடு.

இந்தக் கணக்கால் இரண்டு பயன்கள். தேய்ந்த, சாதாரண ஆண்டுக் காசுக்கு வெள்ளி மதிப்பைவிடப் பல மடங்கு கேட்டால் ஏன் என்று கேட்கலாம். இன்னொன்று இதைவிட முக்கியம்: வெள்ளி மதிப்பில் பாதி விலைக்கு ஒருவர் வெள்ளிக் காசு தருகிறார் என்றால் சந்தேகப்பட வேண்டும். உருக்கினாலே கிடைக்கும் பணத்தை விட்டுவிட்டு யாரும் விற்க மாட்டார்கள். வெள்ளி விலை உயர உயர, வெள்ளி முலாம் பூசிய போலிகள் பெருகுவதும் இயல்பு.

காசு வந்ததும் வீட்டிலேயே சோதிக்கலாம். நூறில் ஒரு கிராம் வரை காட்டும் சிறு தராசு ஒன்று போதும். முதலில் எடை. அடுத்து காந்தம்: வெள்ளிக் காசு ஒட்டக் கூடாது. ஆனால் 1947 நிக்கல் ரூபாய் ஒட்டத்தான் செய்யும். அடுத்து தண்ணீர்ச் சோதனை: தராசின் மேல் பாதி தண்ணீருள்ள டம்ளரை வைத்து எடையைப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலோ ஓரத்திலோ படாமல் முழுவதும் மூழ்கும்படி பிடியுங்கள். 11.66 கிராம் எடையுள்ள நல்ல வெள்ளி ரூபாய்க்குத் தராசு 1.13 கிராம் அளவில் காட்டும். 1.3-ஐத் தாண்டினால் அது வெள்ளிக்குப் பதிலாக வேறு உலோகமாக இருக்க வாய்ப்பு அதிகம். பிறகு உருப்பெருக்கியால் பாருங்கள். வார்த்தெடுத்த போலியில் விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடும், பரப்பில் குமிழித் துளைகளும், கரைந்த சோப்பு போல மழுங்கிய எழுத்தும் தெரியும்.

ஒரு வேண்டுகோள்: வந்த காசைப் புளி போட்டோ பாலீஷ் போட்டோ தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், மதிப்பு போய்விடும்.

நம்மைக் குறிவைக்கும் வலைகள்

கஅபா படம், மஸ்ஜிதுந் நபவீ படம், கலிமா ஆகியவற்றோடு "கிழக்கிந்தியக் கம்பெனி" என்றோ பழைய ஆண்டு எண்ணோ போட்டு விற்கப்படும் காசுகள் கற்பனைப் பொருட்கள். கம்பெனி அப்படி எதையும் வெளியிடவில்லை. இதே முறையில் 1616, 1818 என்று ஆண்டு போட்டு இந்துக் கடவுள் உருவங்களோடும் அடித்து விற்கிறார்கள். எவருடைய மார்க்கப் பற்றையும் காசாக்குவதுதான் அவர்களுக்கு வேலை.

கலிமா உள்ள உண்மையான காசுகள் இருக்கின்றன. அக்பரின் தொடக்க காலம், ஷாஜஹான் காலம் போன்றவற்றின் பல ரூபாய்களில் கலிமாவும் நான்கு கலீஃபாக்களின் பெயர்களும் உண்டு. ஔரங்கசீப் தம் ஆட்சியில், காசு எல்லோர் கையிலும் காலடியிலும் படும் என்பதால் கலிமாவைக் காசில் பொறிப்பதை நிறுத்தினார். ஆகவே "ஔரங்கசீப்பின் கலிமா ரூபாய்" என்று ஒருவர் கொண்டுவந்தால் நன்றாக யோசிக்க வேண்டும். கலிமா இருப்பதால் கண்ணியமாக வைத்துக்கொள்வோம். அந்த உலோகத்தால் பரக்கத் வரும் என்று சொல்லி விலை ஏற்றுபவரிடம் வாங்க வேண்டாம்.

1911-ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயும் நம் சமுதாயத்தோடு தொடர்புடையது. மன்னரின் அங்கியிலிருந்த யானை பன்றியைப் போலத் தெரிந்ததால் முஸ்லிம்களிடையே எதிர்ப்பு எழுந்தது. அரசு அதைத் திரும்பப் பெற்று, 1912-இல் துதிக்கை தெளிவாகத் தெரியும்படி மாற்றி அடித்தது. எனவே 1911 ஆண்டுக் காசுக்கு விலை அதிகம். ஆறாம் ஜார்ஜின் 1939 ரூபாய் அதைவிட அரியது. விலை அதிகம் என்பதால் வேறு ஆண்டின் கடைசி இலக்கத்தைச் சுரண்டி மாற்றும் மோசடி இவற்றில் உண்டு. இந்த ஆண்டுகளை மலிவாகத் தேட வேண்டாம். தேவையென்றால் அறிந்த நிறுவனத்தின் உத்தரவாதத்தோடு வாங்குங்கள்.

விற்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "உங்கள் பழைய ஐந்து ரூபாய் நோட்டை லட்சங்களுக்கு வாங்குகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் அனுப்புங்கள்" என்பது மோசடி. ரிசர்வ் வங்கியின் பெயரையும் முத்திரையையும் பயன்படுத்தியே இதைச் செய்கிறார்கள். இத்தகைய வாங்கல் விற்றலில் தனக்குத் தொடர்பில்லை, எந்தக் கட்டணமும் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் அறிவித்தது. பணம் பெறுவதற்கு ரகசிய எண்ணைப் போட வேண்டிய தேவையே இல்லை என்பதையும் வீட்டுப் பெண்களுக்கும் பெரியவர்களுக்கும் சொல்லி வையுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் செய்ய வேண்டும்.

மார்க்க வரம்புகள்

தங்கம், வெள்ளிக் காசுகளை ரூபாய் கொடுத்து வாங்கும்போது பணமும் பொருளும் ஒரே நேரத்தில் கைமாற வேண்டுமா என்பதில் இன்றைய உலமாக்களிடையே இரு கருத்துகள் உள்ளன. காகிதப் பணமும் தங்கம் வெள்ளியின் இடத்தில் இருப்பதால் உடனுக்குடன் கைமாறுவது அவசியம் என்பது ஒரு சாராரின் முடிவு. ஒரு தரப்பு கைக்கு வந்துவிட்டால் போதும் என்பது ஹனஃபி அறிஞர்கள் சிலரின் முடிவு. பொருள் வாசலுக்கு வந்ததும் பணம் கொடுக்கும் முறையில் வாங்கினால் இந்தக் கருத்து வேறுபாட்டிலிருந்தும் தப்பலாம், ஏமாற்றத்திலிருந்தும் பெரிதும் தப்பலாம்.

சேகரிப்பாளர்கள் வாட்ஸ்அப் குழுக்களில் காசுக்குக் காசு மாற்றிக்கொள்கிறார்கள். வெள்ளிக்கு வெள்ளி என்றால் சம எடையும் உடனடிக் கைமாற்றமும் கட்டாயம். ஓர் அரிய வெள்ளிக் காசுக்கு மூன்று சாதாரண வெள்ளிக் காசுகள் என்று மாற்றக் கூடாது. உங்கள் காசைப் பணத்துக்கு விற்று, அந்தப் பணத்தில் வேண்டியதை வாங்குங்கள். கைபர் பேரீச்சம்பழ விஷயத்தில் நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி இதுவே. வெள்ளிக் காசுகளில் உள்ள வெள்ளி உங்கள் ஜகாத் கணக்கிலும் சேரும் என்பதை நினைவில் வையுங்கள்.

இணைய ஏலங்களில் வாங்கும் எண்ணமே இல்லாமல் நண்பருக்காக விலையை ஏற்றிவிடுவது நஜ்ஷ். நபிமொழியில் தெளிவாகத் தடுக்கப்பட்டது. ஏலத்தில் இறங்குமுன் உங்கள் உச்ச விலையை ஒரு தாளில் எழுதி வைத்து, அதைத் தாண்டியதும் விலகிவிடுங்கள். வியாபாரத்தில் அடிக்கடி ஏமாந்த ஒரு தோழருக்கு, பேரம் பேசும்போதே ஏமாற்று கூடாது என்று சொல்லிவிடும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். அதே போல நாமும் "போலி என்று தெரிந்தால் திருப்பி அனுப்புவேன், பணத்தைத் திருப்பித் தர வேண்டும்" என்று வாங்குமுன்பே எழுத்தில் சம்மதம் பெறுவது நல்லது.

கடைசியாக, நம் அறிவால் கிடைக்கும் மலிவு எப்போது ஆகும், எப்போது உறுத்த வேண்டும்? நாள்தோறும் நூற்றுக்கணக்கான காசு விற்கும் வியாபாரி, படிக்கச் சோம்பல்பட்டு ஒரு காசைக் குறைத்து விற்றால் அது அவர் தொழிலின் லாப நட்டம். அவரிடம் விலை பேசி வாங்கலாம். ஆனால் கணவர் இறந்த பிறகு பெட்டியிலிருந்த காசுகளைப் படமெடுத்துப் போட்டு, "எது குடுத்தாலும் சரி தம்பி" என்று சொல்லும் ஒரு அம்மா வியாபாரி அல்ல. சந்தை விலை தெரியாமல் வரும் வணிகக் கூட்டத்தை ஊருக்கு வெளியிலேயே மறித்து வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். விலை அறியாதவரின் அறியாமையை லாபமாக்கக் கூடாது என்பதே அதன் கருத்து. ஜரீர் பின் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள், தமக்காக முந்நூறு திர்ஹத்துக்குப் பேசி முடித்த குதிரை அதைவிட மதிப்புள்ளது என்று கண்டு, விற்றவரிடம் தாமே சொல்லி எண்ணூறு வரை உயர்த்திக் கொடுத்ததாக ஒரு செய்தி வருகிறது. எல்லோருக்கும் நலம் நாடுவேன் என்று நபிகளாரிடம் அவர் உறுதிமொழி கொடுத்திருந்தார். அந்த அம்மாவிடம், "இதில் இந்த ஒரு காசு மட்டும் விலை மதிப்புள்ளது" என்று சொல்லிவிட்டு வாங்குவதில் நமக்கு நட்டம் ஒன்றுமில்லை. அவர் முஸ்லிமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதுவே முறை.

சட்டம் சொல்வது

1972-ஆம் ஆண்டு தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட நாணயமும் தொல்பொருளே. அதை வெளிநாட்டுக்கு அனுப்ப நமக்கு அனுமதியில்லை. வளைகுடாவில் இருக்கும் பிள்ளைக்கோ, அங்கிருக்கும் வாங்குபவருக்கோ பெட்டியில் போட்டு அனுப்பிவிட வேண்டாம். தொல்பொருள் விற்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் தேவை. "வயலில் தோண்டும்போது கிடைத்தது, மொத்தமாகத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். அதை மறைத்து விற்பதும் வாங்குவதும் சிக்கலில் கொண்டுபோய்விடும். சொன்னது பொய்யாக இருந்தால் பெரும்பாலும் பித்தளைப் போலிகள்தான் கைக்கு வரும். எந்தக் காசை வாங்கினாலும் ரசீது வாங்கி வையுங்கள்.

தொடங்க விரும்புபவர்கள் இந்த மாதம் எதையும் வாங்க வேண்டாம். பிள்ளைகளை அருகில் உட்கார வைத்து இணையத்தில் இருக்கும் காசுப் படங்களில் ஊரையும் ஆண்டையும் படித்துப் பாருங்கள். பத்துக் காசுகளைப் பிழையில்லாமல் படித்த பிறகு, தேய்ந்த ஒரு திப்பு செம்புக் காசையோ ஒரு நிஜாம் காசையோ வாங்குங்கள். பணம் குறைவு, கற்றுக்கொள்வது அதிகம். நம் சம்பாத்தியத்தை வீணாக்காமலும், பிறர் பொருளை அறியாமையில் பறிக்காமலும் வாழ அல்லாஹ் நமக்கு அருள் புரிவானாக. ஆமீன்.